மைனஸ் நூத்தி இருபத்தெட்டு, உள்ளே வரவும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். குத்தாலத்துல மாமாவோட பரோட்டாக் கடை வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்கணும்.

அதைக் கூட நான் கையால எழுத வேண்டாம். லேப்டாப்ல ஒரு பட்டனை அமுக்கினா, பக்கத்துல இருக்கிற குட்டி பிரிண்டர் நாக்கை நீட்டுற மாதிரி ஒரு சீட்டை நீட்டும். கிழிச்சுக் குடுக்கணும். யார்கிட்டயும் பேச வேண்டாம்.

பேச வேண்டாம்ங்கிறதுதான் அந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பஸ்ல "இங்க இறங்கணும்"னு சத்தமாச் சொல்லக் கூச்சப்பட்டு, எங்க ஊர் இலத்தூரைத் தாண்டி அடுத்த ஸ்டாப் வரைக்கும் போயி நடந்து திரும்பி வந்த ஆள் நான். ஒரு தடவை இல்ல. எத்தனை தடவைன்னு அப்பாவுக்குத் தெரியும்.

அதனாலதான் இந்தக் கதையே.

சென்னையில ஒரு கம்பெனி. ஆன்லைன்ல இன்டர்வியூ. நான் பதில் சொல்லச் சொல்ல அவங்க "மைக் ஆன்ல இருக்கா"ன்னு நாலு தடவை கேட்டாங்க. அப்படியும் எடுத்துட்டாங்க. வர்றேன்னு திங்கக்கிழமைக்குள்ள பதில் போடணும்.

எங்க அப்பா போலீஸ்ல ஏட்டு. சீசன் வந்துட்டா மெயின் அருவியில கூட்டத்தைப் பாத்துக்கிற டூட்டி. ஆஃபர் லெட்டரை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் எஃப்.ஐ.ஆர். வாசிக்கிற மாதிரி வாசிச்சார். மடிச்சு காலண்டருக்குப் பின்னாடி சொருகினார்.

"கண்டக்டர்ட்ட மீதிச் சில்லறை கேக்க பயப்படுத பிள்ள. சென்னையில யார்ட்ட போய் என்னத்த பேசுவ?"

"அது கம்ப்யூட்டர் வேலைப்பா. ரொம்பப் பேச வேண்டாம்."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரை வச்சு எனக்கு ஒரு காரியம் பண்ணு. உங்க மாமா கடையில சண்டை விலக்க சீசனுக்கு சீசன் நான்தான் போறேன். இந்தச் சனிக்கிழமை ஒரு நாள், நான் அங்கன வர அவசியமே இல்லாம ஓட்டிக் காட்டு. ஞாயித்துக்கிழமை காலையில என் முடிவைச் சொல்லுதேன்."

மாமா கடைச் சண்டைக்கு எல்லாம் காரணம் ஒண்ணுதான். துண்டு.

கடையில முப்பது சேர் இருக்கு. சீசன்ல வாசல்ல நிக்கிறவங்க அதை மாதிரி அஞ்சு மடங்கு. அருவியில குளிச்சுட்டு வர்றவங்களுக்கு இருக்கிற பசி சாதாரணப் பசி இல்ல. சாப்பிடுறவர் முதுகுக்குப் பின்னாடியே போய் நின்னுக்குவாங்க. அவர் கை கழுவ எந்திரிக்கப் போறார்னு தெரிஞ்ச உடனே சேர்ல ஈரத்துண்டு விழும். துண்டு விழுந்துட்டா அந்த இடம் அவங்களுது. சில சமயம் அவசரத்துல துண்டு அவர் தோள்லயே விழும்.

எந்தத் துண்டு முதல்ல விழுந்துச்சுங்கிறதுதான் வழக்கு. பஜார்ல எல்லாரும் வாங்குறது அதே குத்தாலத் துண்டு. சாட்சியும் செல்லாது, அடையாளமும் செல்லாது.

"மாமா, துண்டை ஒழிச்சுருவோம். டோக்கன் போடுவோம்"னு சொன்னேன். மாமாவுக்கு கம்ப்யூட்டர்னா ஒரு மரியாதை. ஒத்துக்கிட்டார்.

ஜாவாவுல எழுத ஆரம்பிச்சேன்.

ஜாவா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ப்ரோகிராம்ல ஒரு நம்பரை வச்சுக்கணும்னா அதுக்கு ஒரு டப்பா வேணும். அதுக்குப் பேரு வேரியபிள். ஜாவா கறாரான மொழி. டப்பாவை எடுக்கும்போதே பேரு என்ன, என்ன போடப் போற, எவ்வளவு பெரிய டப்பான்னு எல்லாத்தையும் சொல்லிரணும். சேர்ல துண்டு போடுற மாதிரிதான். ஆனா ஜாவாவுல துண்டு போடும்போதே உக்காரப் போறது ஆளா, கைக்குழந்தையான்னு சேர்த்துச் சொல்லணும்.

முழு நம்பர் வைக்கிறதுக்கு வழக்கமா எல்லாரும் எடுக்கிற டப்பா பேரு இன்ட். இருநூறு கோடிக்கு மேல கொள்ளும். அதுலயே குட்டியா ஒரு டப்பா இருக்கு. பைட். நூத்தி இருபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும்.

உலகத்துல எல்லாரும் இன்ட் எடுப்பாங்க. நான் பைட் எடுத்தேன்.

ஏன்னா காலேஜ் லேப் தேர்வுல நான் ஒருத்திதான் பைட் எழுதியிருந்தேன். "தேவைக்கு மேல மெமரி எடுக்கக் கூடாது, கோமதியைப் பாருங்க"ன்னு மேம் கிளாஸ்ல சொன்னாங்க. என் வாழ்க்கையில "கோமதியைப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை மறக்கவும் முடியல. அது பொழைக்கவும் விடல.

ஆனா மாமாகிட்ட விசாரிச்சுட்டுத்தான் எடுத்தேன்.

"மாமா, ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன் போகும்?"

"எப்படியும் ஒரு நூறு போகும்ட்டி."

நூறு. டப்பாவுல நூத்தி இருபத்தேழு கொள்ளும். இருபத்தேழு எக்ஸ்ட்ரா வேற. எனக்கு என் சிக்கனத்தை நினைச்சு பெருமையா இருந்துச்சு.

ரெண்டு மிஸ்டு கால் குடுத்துட்டு "ஒரு நூறு தடவை போன் போட்டேன்"னு சொல்ற ஆள் எங்க மாமாங்கிறது அப்ப ஞாபகம் வரல.

அடுத்தது, ஒவ்வொரு டோக்கனுக்கும் நம்பர் ஒண்ணு கூடணும். 'டோக்கன் = டோக்கன் + 1'ன்னு எழுதினேன். உடனே அந்த வரிக்கு அடியில சிவப்புக் கோடு. ஜாவா சொல்லுது: நீ கூட்டி வர்ற நம்பர் பெரிய டப்பா சைஸு, போடுறது சின்ன டப்பாவுல, ஏதாவது நஷ்டமாகலாம், பாத்துக்க.

பாத்துக்கிட்டேனா? இல்ல. சிவப்புக் கோட்டை எப்படிப் போக வைக்கிறதுன்னு நெட்ல தேடினேன். அந்த வரியை 'டோக்கன்++'ன்னு மாத்தி எழுதினா ஜாவா வாயைத் திறக்காதாம். அர்த்தம் அதேதான். ஒண்ணு கூட்டும். ஆனா எச்சரிக்கை வராது.

மாத்தினேன். கோடு போயிருச்சு. பிரச்சினை தீர்ந்துருச்சுன்னு டீ குடிச்சேன்.

அப்புறம் இன்னும் ரெண்டு வேலை பண்ணினேன். பரோட்டாக் கல் பக்கத்துல ஒரு பழைய டீவி. அதுல காத்திருக்கிற டோக்கன் எல்லாம் வரிசையா தெரியும், சின்ன நம்பர் மேல. மேல இருக்கிற நம்பரை ஒரு கம்ப்யூட்டர் பொம்பளைக் குரல் ஸ்பீக்கர்ல கூப்பிடும். "டோக்கன் எண் பதினான்கு. தயவுசெய்து உள்ளே வரவும்." நான் கூப்பிட வேண்டாமே, அதுக்குத்தான்.

வியாழக்கிழமை அறுபத்தோரு டோக்கன். வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டு. ஒரு சண்டை இல்ல. பரோட்டா மாஸ்டர் கூட "இந்தப் பிள்ள வந்த பிறகு கடை பேங்க் மாதிரி அமைதியா இருக்கு"ன்னு சொன்னார். அவர் பாராட்டுறாரா குறை சொல்றாரான்னு எனக்குப் புரியல.

சனிக்கிழமை காலையில சாரல். கூட்டம் அம்முது. பதினோரு மணிக்கே எழுபதைத் தாண்டிருச்சு. எனக்கு மாமா சொன்ன நூறு இருக்கேன்னு தைரியம்.

பன்னெண்டு மணிக்கு மெயின் அருவிப் பக்கம் இருந்து மைக் சத்தம் வந்துச்சு. எங்க அப்பா குரல்.

"தண்ணி கூடிட்டு. எல்லாரும் உடனே வெளிய வாங்க. மறு உத்தரவு வரைக்கும் குளிக்கத் தடை. கயித்தைத் தாண்டாதீங்க. ஏ செவப்பு டவுசர், ஒன்னத்தான் சொல்லுதேன்."

குத்தாலத்துல குளிக்கத் தடைன்னா என்ன நடக்கும்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். குளிக்க வந்த மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பும். அதுலயும் பாதிப் பேரு குளிக்காதவங்க. தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெய் தேச்சு ஊற வச்சு, கரெக்டா தண்ணிக்குள்ள கால் வைக்கிற நேரத்துல தடை வாங்கினவங்க. எண்ணெய் வழிய, கோவமும் பசியுமா அவங்க நடந்து வர்றதைப் பாத்தா, எண்ணெய்ச் சட்டியில இருந்து எந்திரிச்சு வந்த வடை மாதிரி இருக்கும்.

அப்பா அனுப்பி வைக்கிறார். மக நான் வாங்கிக்கிறேன்.

தொண்ணூறு. நூறு. நூத்திப் பத்து.

நூத்திப் பத்தொம்பதை வாங்கினவர் சுரண்டையில இருந்து கூட்டாளிகளோட வந்த ஒரு அண்ணாச்சி. சட்டை கிடையாது. உச்சந்தலையில இருந்து எண்ணெய் சொட்டுது. அவர் கை பட்டதும் சீட்டு எண்ணெய் ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. "எவ்வளவு நேரமாவும் பிள்ள?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லக் கூச்சப்பட்டு விரலைக் காட்டினேன். என்ன காட்டினேன்னு எனக்கே தெரியல.

நூத்தி இருபத்தாறு. நூத்தி இருபத்தேழு.

அப்ப உள்ள கூப்பிட்டுட்டு இருந்தது எண்பத்தாறு. அதாவது, நாப்பத்தோரு டோக்கன் வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது.

தூத்துக்குடியில இருந்து வேன்ல ஒன்பது பேரோட ஒரு அக்கா அப்பத்தான் வந்து இறங்கினாங்க. பட்டனை அமுக்கினேன்.

சீட்டுல வந்தது: -128.

அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது என்ன பாப்பா, முன்னாடி ஒரு கோடு இழுத்திருக்கு?"

உண்மையைச் சொல்லணும்னா நாலு வாக்கியம் பேசணும். நான் பேசல.

"அது டிசைன்க்கா."

அடுத்த சீட்டு -127. அடுத்தது -126. டிசைன் நிக்காம வந்துச்சு.

பைட்ங்கிற டப்பா நிறைஞ்சா வழியாது, மக்களே. வழிஞ்சா கூடத் தெரிஞ்சுரும். அது சத்தமே இல்லாம ஒரு சுத்து சுத்தி அடிமட்டத்துக்குப் போயிரும். மைனஸ் நூத்தி இருபத்தெட்டுக்கு. ஜாவா எனக்கு முன்னாடியே சிவப்புக் கோடு போட்டு சொன்ன நஷ்டம் இதுதான்.

அதோட போயிருந்தா ஒரு பிழைச் சீட்டுன்னு சமாளிச்சிருக்கலாம். ஆனா நான்தான் டீவியில சின்ன நம்பர் மேல வரணும்னு எழுதி வச்சிருக்கேனே. மைனஸை விடச் சின்ன நம்பர் எது?

ஸ்பீக்கர் அதே மரியாதையான குரல்ல கூப்பிட்டுச்சு. "டோக்கன் எண் மைனஸ் நூற்று இருபத்தெட்டு. தயவுசெய்து உள்ளே வரவும்."

வேன்ல இருந்து இறங்கி ரெண்டு நிமிஷம் ஆகல. அக்காவும் ஒன்பது பேரும் நேரா உள்ள போனாங்க. "நல்ல சர்வீஸ்"னு என்னைப் பாத்துச் சொல்லிட்டு வேற போனாங்க.

வாசல்ல நின்னவங்க எல்லாரும் அவங்கவங்க சீட்டைத் திருப்பிப் பாத்தாங்க.

நூத்திப் பத்தொம்பது அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார். "ஏ பிள்ள. நான் இங்கன ஒரு மணி நேரமா நிக்கேன். இப்ப வந்தவிய உள்ள போறாவ. இது என்ன நியாயம்?"

நான் உள்ள இருந்த மாமாவைக் கை காட்டினேன்.

மாமா ஓடி வந்தார். சீட்டைப் பாத்தார். அவருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா புரியலன்னு சொல்லிப் பழக்கம் இல்லாத ஆள்.

"அது வந்து அண்ணாச்சி, மைனஸ்னா ஃபேமிலி டோக்கன்."

"அப்ப நாங்க மட்டும் என்ன, அருவியில இருந்து விழுந்தா வந்தோம்?"

"டோக்கன் எண் மைனஸ் நூற்று இருபத்தேழு"ன்னு கூப்பிட்டுச்சு. மூணு காலேஜ் பையங்க எந்திரிச்சாங்க.

அண்ணாச்சி மாமாவைப் பாத்தார். "இது எந்த ஃபேமிலி வே?"

"அது ஸ்டூடண்ட் டோக்கன்."

"மைனஸ் நூற்று இருபத்தாறு." வெள்ளை வேட்டியில ஒரு பெரியவர் தனியா எந்திரிச்சார்.

மாமா அண்ணாச்சி கேக்கிறதுக்கு முன்னாடியே சொன்னார். "சீனியர் சிட்டிசன்."

கூட்டத்துக்குள்ள ஆராய்ச்சி ஆரம்பிச்சுருச்சு. "மைனஸ்னா ஆன்லைன்ல புக் பண்ணதாம்." "இல்ல, ஓனருக்குச் சொந்தக்காரவியளுக்கு குடுக்காவளாம்." "அதெல்லாம் கிடையாது, மேலிடத்துக் கோட்டா. நமக்கெல்லாம் எங்க குடுப்பான்?"

மாமா பரோட்டாக் கல் பக்கம் போய் மாஸ்டர்கிட்ட கெஞ்சினார். "யோவ், மைனஸை விட்டுட்டு பிளஸுக்குப் போடும்."

மாஸ்டர் மாவை வீசுறதை நிறுத்தல. "உம்ம மருமகதான டீவியில மேல என்ன நிக்கோ அதுக்குப் போடச் சொல்லுச்சு. எனக்கு பிளஸும் ஒண்ணுதான், மைனஸும் ஒண்ணுதான். சால்னா ஒண்ணுதான்."

அண்ணாச்சி கையில இருந்த நூத்திப் பத்தொம்பதை நாலாக் கிழிச்சார். பின்னாடி போய் புதுசா வரிசையில நின்னார். என்கிட்ட வந்து கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு மைனஸ்."

பட்டனை அமுக்கினேன். மைனஸ் நூத்திப் பதினேழு. அண்ணாச்சி அதைத் தூக்கிக் காட்டினார். அருவியில குளிச்ச மாதிரி ஒரு சந்தோஷம் முகத்துல.

அவ்வளவுதான். வாசல்ல நின்ன மொத்த பிளஸும் என் மேசைக்கு வந்துருச்சு. எங்க ஊர்ல குறைஞ்ச நம்பர் வேணும்னு மனுஷங்க அடிச்சுக்கிறதை அன்னைக்குத்தான் பாத்தேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டு நாள்ல இவங்க யாரும் இப்படி இருந்ததில்ல. கலர் கலரா பேனா சொருகின வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர், ஏதோ கட்சியில பொறுப்புல இருக்கிறவராம், குனிஞ்சு ரகசியமாக் கேட்டார். "பாப்பா, நல்லதா பாத்து ஒரு பெரிய மைனஸா குடேன்."

சீட்டைக் கிழிக்காம நேர்மையா நின்னுக்கிட்டு இருந்தவங்க கடைசியில ஏழே பேரு. அவங்க என்னைப் பாத்த பார்வையை இப்பவும் மறக்க முடியல.

எனக்கு அப்பத்தான் தோணுச்சு. டப்பாவை மாத்திருவோம். ஒரே ஒரு வார்த்தைதானே. பைட்டை அழிச்சேன். இன்ட் எழுதினேன். ப்ரோகிராமை நிறுத்தி மறுபடியும் ஓட விட்டேன். எழுதி முடிக்க பத்து செகண்ட் ஆகல. சபாஷ் கோமதி.

வேரியபிளைப் பத்தி ஒரு விஷயம் முதல் வருஷமே சொல்லிக் குடுத்திருந்தாங்க. ப்ரோகிராம் ஓடுற வரைக்கும்தான் டப்பா. நிறுத்தினா டப்பாவும் போயிரும், உள்ள இருந்ததும் போயிரும். பரீட்சையில அதை எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்கேன். ரெண்டு மார்க்குக்கு எழுதினது மண்டையில நிக்குமா?

உள்ள டீவி துடைச்சு விட்ட மாதிரி காலியாச்சு.

மாஸ்டர் ரெண்டு கையையும் தூக்கி நின்னார். "ஏட்டி, டீவியில ஒருத்தரும் இல்ல. எல்லாரும் போயாச்சா?"

எல்லாரும் வாசல்லதான் இருந்தாங்க. அந்த நேரம் பாத்து கேரளாவுல இருந்து வந்த ஒரு சேட்டனும் சேச்சியும் மேசைக்கு வந்தாங்க. பழக்க தோஷம், கை பட்டனை அமுக்கிருச்சு.

"டோக்கன் எண் ஒன்று. தயவுசெய்து உள்ளே வரவும்."

சேட்டன் தன்னைச் சுத்தி எண்ணெய் தேச்சு நிக்கிற நூறு பேரைப் பாத்தார். சீட்டைப் பாத்தார். "ஞங்ஙள் இப்ப வந்நதேயுள்ளூ", இப்பத்தான் வந்தோம்னு சொல்லிக்கிட்டே ரெண்டு அடி பின்னாடி போனார். நல்ல மனுஷர்.

அதுக்கப்புறம் யாரு என்ன பேசினாங்கன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பிளஸ் ஒரு பக்கம், மைனஸ் ஒரு பக்கம். மைனஸுக்குள்ளயே எந்த மைனஸ் பெரிசுன்னு ஒரு தனித் தகராறு. யாரோ உள்ள போய் சேர்ல துண்டைப் போட்டாங்க. அது மேல இன்னொரு துண்டு. ஒரு சேர் ஆளுங்க தலைக்கு மேல தூக்கின நிலையில வெளிய வந்துச்சு.

அப்ப விசில் சத்தம் கேட்டுச்சு.

ரெயின்கோட்டுல தண்ணி சொட்ட, கையில மைக்கோட எங்க அப்பா நடந்து வந்தார். எந்த ஆளு வரக் கூடாதுங்கிறதுதான் என் பரீட்சையோ, அந்த ஆளு.

மாமா என்னைக் கை காட்டினார். அண்ணாச்சி காட்டினார். மாஸ்டர் கரண்டியால காட்டினார்.

"என்ன ஆச்சு?"ன்னார் அப்பா. வீட்டுக் குரல் இல்ல. டூட்டிக் குரல்.

"டப்பா சின்னதாயிருச்சுப்பா."

"எந்த டப்பா?"

"நம்பர் போடுற டப்பா. நூத்தி இருபத்தேழுக்கு மேல கொள்ளாது."

"அது உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

இதான் போலீஸ்காரர் மகளா இருக்கிறதுல கஷ்டம். எத்தனை பொய் தயார் பண்ணி வச்சாலும், கேக்க வேண்டிய கேள்வி நேரா வந்துரும்.

"தெரியும்ப்பா. எழுதும்போதே சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்கை வந்துச்சு. வேற மாதிரி எழுதினா கோடு வராதுன்னு... மாத்தி எழுதிட்டேன்."

அப்பா என்னையே பாத்தார். சாரல் தொப்பி மேல விழுந்து ஓரத்துல சொட்டுச்சு.

"காலையில இருந்து அங்கன கயிறு கட்டி, விசில் அடிச்சு, தொண்டை தண்ணி வத்தக் கத்துதேன். உள்ள போகாதியன்னு. ஒரு பய கயித்துக்கு அடியில குனிஞ்சு போறான். செவப்பு டவுசர் போட்ட பய. அவன் எவன் வீட்டுப் பிள்ளையோன்னு திட்டிட்டு இருந்தேன்." ரெயின்கோட்டை உதறினார். "நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

எனக்கு அழுகை வந்துச்சு. சென்னை ரயில் எனக்கு முன்னாடியே கிளம்பிப் போற மாதிரி இருந்துச்சு.

அப்பா கூட்டத்தைப் பாத்தார். அவர் ஒரு அதட்டு போட்டா போதும், எல்லாம் அடங்கிரும். எப்பவும் அப்படித்தான். நானும் அதைத்தான் எதிர்பாத்தேன்.

அவர் மைக்கை என் கையில வச்சார்.

"நான் பேச மாட்டேன். நீ இழுத்து விட்டது, நீ பேசு."

"அப்பா, எனக்கு..."

"ஸ்டூல்ல ஏறு."

ஏறினேன். நூறு முகம் கீழ. முதல்ல மைக்ல வந்தது என் மூச்சுச் சத்தம்தான்.

"சத்தமா, பாப்பா"ன்னு கட்சிக்காரர் உற்சாகப்படுத்தினார்.

அப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. டீவியில எல்லாம் போயிருச்சு. ஆனா சீட்டு எல்லாம் அவங்க கையில இருக்கு. நூத்தி இருபத்தேழுக்கு அப்புறம் வந்தது மைனஸ் நூத்தி இருபத்தெட்டு, அதுக்கப்புறம் மைனஸ் நூத்தி இருபத்தேழு. யாருக்கு அப்புறம் யாரு வந்தாங்கங்கிறது தப்பாகல. கம்ப்யூட்டர் கூப்பிட்ட வரிசைதான் தப்பு.

"எல்லாரும் கேளுங்க." என் குரல் எதிர்க் கடையில பட்டுத் திரும்பி வந்துச்சு. எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. "தப்பு என் மேல. மைனஸ்னா ஃபேமிலியும் இல்ல, கோட்டாவும் இல்ல. நான் எழுதின ப்ரோகிராம் பிழை. பிளஸ் முதல்ல. எல்லா பிளஸும் போன பிறகுதான் மைனஸ். நான் வரிசையாக் கூப்பிடுறேன். சேரை இறக்கி வைங்க அண்ணே."

சேரை இறக்கி வச்சாங்க. அதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம்.

முதல்ல அந்த ஏழு பேரைக் கூப்பிட்டேன். நேர்மையா நின்னதுக்கு அவங்களுக்குக் கிடைச்ச பரிசு, சூடா பரோட்டா.

நூத்திப் பத்தொம்பது அண்ணாச்சி ஸ்டூல் பக்கத்துல வந்து கெஞ்சினார். "பிள்ள, நான் உண்மையிலே பிளஸுதான். உனக்கே தெரியுமே."

"சீட்டு எங்க அண்ணாச்சி?"

"கிழிச்சிட்டேன்லா."

"அப்ப மைனஸ் நூத்திப் பதினேழு. உங்களுக்கு முன்னாடி எட்டு மைனஸ் இருக்கு அண்ணாச்சி."

இதை நான்தான் சொன்னேன். மைக்ல. சத்தமா. கூட்டம் சிரிச்சுச்சு. அண்ணாச்சியும் கடைசியில தலையில இருந்து வழிஞ்ச எண்ணெயைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சுட்டார்.

ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டேன். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஆட்டம் நின்னுருச்சு. ஏன்னு நான் கீழ பாக்கல.

சாயங்காலமே மாமா கடையில பழையபடி துண்டு வந்துருச்சு. லேப்டாப்பை ஒரு சாக்குல சுத்தி என் கையில குடுத்து, "ஒரு நூறு தடவை நினைச்சேன்ட்டி, இது சரிப்படாதுன்னு"ன்னார். வாசல்ல ஒரு போர்டு வேற மாட்டியிருக்கார்: 'மைனஸ் டோக்கன் இங்கு செல்லாது'. கடையில டோக்கனே கிடையாது. ஆனா ரெண்டு பேரு வந்து ரகசியமாக் கேட்டுப் பாத்தாங்களாம்.

ஞாயித்துக்கிழமை காலையில எனக்குக் குரல் இல்ல. தொண்டை கட்டிப் போச்சு. அப்பா சுக்குக் காபியோட உக்காந்திருந்தார். நான் எதிர்ல நின்னேன்.

"நான் என்ன சொன்னேன்? நான் அங்கன வர அவசியம் இருக்கக் கூடாதுன்னேன். வந்தேனா இல்லையா?"

தலையாட்டினேன்.

"வந்து என்ன பண்ணேன்?"

நான் யோசிச்சேன். அப்பா அங்க ஒருத்தரையும் அதட்டல. விலக்கி விடல. கூட்டத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

"ஸ்டூலைப் பிடிச்சுட்டு நின்னேன்"னார். "அதுக்கு சென்னையில யாராவது கிடைப்பாவ. போயிட்டு வா." காலண்டருக்குப் பின்னாடி இருந்து லெட்டரை எடுத்து நீட்டினார். "ஆனா ஒண்ணு. எவனாவது கயிறு கட்டியிருந்தா, எதுக்குக் கட்டியிருக்கான்னு நின்னு பாரு. குனியாத."

"சரிப்பா"ன்னு சொன்னேன். சத்தம் வரல. ஆனா சொன்னேன்.

உடனே லேப்டாப்பைத் திறந்து கம்பெனி ஃபாரத்தை நிரப்ப உக்காந்தேன். பேரு, ஊரு, பிறந்த தேதி. 'முன் அனுபவம், எத்தனை வருடம்'னு ஒரு கட்டம். 'ஒரு சனிக்கிழமை'ன்னு அடிச்சேன். கட்டத்துக்கு அடியில சிவப்புக் கோடு வந்துச்சு. எண் மட்டும்தான் போடணுமாம்.

சத்தியமா சொல்றேன், வேணும்னு பண்ணல. கை தானாப் போய் நெட்ல அடிச்சுருச்சு: சிவப்புக் கோடு வராம பண்ணுவது எப்படி.

பின்னாடி விசில் சத்தம் கேட்டுச்சு.